இல்லை என்னும் விடை: தேடுபொறியும் தமிழாராய்ச்சியும்

1

அண்மைக்கால ஆய்வேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஒரு கூற்றுப் பெருவழக்காகி வருவதை அவதானிக்கலாம். எடுத்துக்கொண்ட பொருள் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை என்பதோ, இன்ன எழுத்தாளர் பற்றிய தகவல்கள் இல்லை என்பதோ அக்கூற்றாகும். அதற்கு ஆதாரம் யாதென உசாவினால், இணையத்திலே தேடியபோது எதுவும் வரவில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. முன்னர் இத்தகைய கூற்றொன்றைத் துணிந்து சொல்ல விரும்பிய ஆய்வாளர் நூலகப் பட்டியல்களையும் பழைய பத்திரிகைக் கோவைகளையும் புரட்ட வேண்டியிருந்தது. துறைசார்ந்த மூத்தோரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. அவ்வளவும் செய்த பின்னரும் 'எமக்குக் கிடைத்தவரையில்' என்ற அடைமொழியைச் சேர்த்தே அவர் எழுதினார். இன்று அவ்வடைமொழி மெல்ல மெல்ல மறைந்து வருகின்றது. சில நொடிகளிற் கிடைக்கும் 'இல்லை' என்னும் விடை, ஐயத்திற்கு இடமற்ற முடிபாகக் கொள்ளப்படுகின்றது.

இந்த 'இல்லை'யின் பொருள் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேடுபொறி ஆராய்ச்சிக்கு உதவுமா உதவாதா என்பது இங்கு எழும் வினாவன்று. அது உதவுகின்றது என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஆயினும் எந்தவொரு கருவியையும் போலவே அதுவும் குறிப்பிட்ட சமூக, பொருளாதாரச் சூழலில் தோன்றி, குறிப்பிட்ட தேவைகளுக்காக வளர்த்தெடுக்கப்பட்டதாகும். இலக்கியப் பனுவல் ஒன்றை அதன் சமூகத் தளத்தில் வைத்து நோக்க வேண்டும் என்பதை அரைநூற்றாண்டுக்கு மேலாக வலியுறுத்திவந்த எமது திறனாய்வு மரபு, ஆய்வாளர் நாள்தோறும் கையாளும் இக்கருவியை மட்டும் அத்தகைய நோக்குக்குப் புறம்பானதாக விட்டுவிடுதல் பொருந்தாது. தேடுபொறியின் மௌனத்தை வரலாற்றின் மௌனமாகக் கொள்ளும்போது ஏற்கெனவே ஒதுக்கப்பட்டோர் மீண்டுமொரு முறை ஒதுக்கப்படுகின்றனர் என்பதே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்தாகும். இதற்கு எடுத்துக்காட்டாக மலையக வரலாற்றைக் கொள்வோம். அதற்குமுன் கருவியின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகின்றது.

2

இணையத் தேடலின் வரலாறு நீண்டதன்று. 1990ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்ரேஜ் என்பவர் உருவாக்கிய 'ஆர்ச்சி' என்பதே இத்துறையின் முதல் முயற்சியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பொதுப் பயன்பாட்டுக்கெனத் திறந்துவிடப்பட்ட கணினிகளில் இருந்த கோப்புகளின் பெயர்களை மட்டுமே அது பட்டியலிட்டது. கோப்பினுள் யாது இருந்தது என்பதை அது அறியாது. 1994இல் தொடங்கப்பட்ட யாகூ, இணையத் தளங்களை மனிதர் பார்வையிட்டுப் பொருள்வாரியாக வகுத்த கையேடாக அமைந்தது. நூலகரின் பகுப்பாக்க மரபுக்கு அது நெருக்கமானது. இணையம் விரிந்த வேகத்துக்கு மனிதப் பகுப்பு ஈடுகொடுக்க முடியவில்லை. அக்கையேடு 2014இன் இறுதியில் மூடப்பட்டது. 1995இல் வெளிவந்த அல்ராவிஸ்ரா பக்கங்களின் உள்ளடக்கத்தைச் சொல்சொல்லாகத் தேடுவதற்கு வழிசெய்தது. 1998இல் தோன்றிய கூகிள், கிடைத்த பக்கங்களை எவ்வொழுங்கில் நிரற்படுத்துவது என்னும் வினாவுக்குப் புதியதொரு விடையளித்ததன் மூலம் ஏனையவற்றைப் பின்தள்ளியது.

இவ்விடத்து ஓர் அடிப்படை உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். நாம் ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது தேடுபொறி இணையம் முழுவதையும் அக்கணத்தில் துழாவி வருவதில்லை. அது முன்னரே பக்கங்களைத் தொகுத்து, எச்சொல் எப்பக்கத்தில் வருகின்றது என அமைத்து வைத்துள்ள சொல்லடைவையே புரட்டுகின்றது. பழந்தமிழ் நூற்பதிப்புகளின் இறுதியிற் காணப்படும் சொல்லடைவுகளை நாம் அறிவோம். தத்துவத்தில் இதுவும் அதுவேயாகும். அளவிலும் வேகத்திலுமே வேறுபாடு உள்ளது. ஆகவே அடைவிற் சேர்க்கப்படாத பக்கம் தேடுபவருக்கு இல்லாத பக்கமே. சேர்க்கப்பட்ட பக்கத்திலும் எழுத்தாக இனங்காணப்படாத பகுதி இல்லாத பகுதியே.

எனவே தேடுபொறி 'இல்லை' எனக் கூறும்போது அது உண்மையிற் கூறுவது இவ்வளவே: நீர் தந்த எழுத்துத் தொடர், நான் தொகுத்து வைத்த அடைவில், நான் படிக்கக்கூடிய வடிவில் இல்லை. இம்மூன்று நிபந்தனைகளையும் விட்டுவிட்டு இறுதிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வதே ஆய்வாளரின் வழுவாகும். அண்மைக்காலத்தில், 2019 தொடக்கம் குறிப்பாக, எழுத்துத் தொடரோடு நில்லாது பொருள் நெருக்கத்தையும் கணிக்கும் முறைகள் பெருந்தேடுபொறிகளில் இணைக்கப்பட்டுள்ளன என்பது உண்மையே. ஆனால் அக்கணிப்பு, ஒரு மொழியில் இணையத்திலே ஏற்கெனவே குவிந்துள்ள எழுத்திலிருந்தே கற்கப்படுகின்றது. நூறாண்டுகளுக்கு முற்பட்ட ஈழத்துத் தமிழ் உரைநடை அக்குவியலில் எத்துணைச் சிறு பங்கினது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

3

இனி, எழுத்துத் தொடர் என்பது தமிழைப் பொறுத்தவரை எத்தகைய சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றது என்பதை நோக்குவோம்.

முதலாவது, குறியீட்டுச் சிக்கலாகும். 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருப்பினும், நடைமுறையில் அது பரவப் பல்லாண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் இலங்கையிலே பாமினி முதலிய எழுத்துருக்களே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஆட்சிசெய்தன. பாமினியில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினியின் உள்ளே அது இலத்தீன் எழுத்துகளினதும் நிறுத்தக் குறிகளினதும் கோவையாகவே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோட்டில் இடப்படும் தமிழ்ச் சொல் அதனைச் சென்றடையாது. இதனால் ஈழத்துத் தமிழ் எழுத்தில் ஒரு தலைமுறைக்காலப் பகுதி, கணினியிலேயே பிறந்தும், கணினித் தேடலுக்கு எட்டாததாயிற்று.

யூனிகோட்டினுள்ளும் சிக்கல்கள் உள. ஒளகார முதலெழுத்தாகிய 'ஔ' தனியொரு குறியீடாகும். பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு அதனை எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இருவேறு ஔவையார்கள் உளர். 'ஸ்ரீ' என்பதோ, ஸகரத்தை முதலாகக் கொண்டும், 2005இல் யூனிகோட்டிற் சேர்க்கப்பட்ட சகர வேறுபாடாகிய 'ஶ' என்பதை முதலாகக் கொண்டும் இருவகையாக எழுதப்படுகின்றது. ஈழத்து வழக்கில் 'சிறீ' எனவும் எழுதுவோம். சில தேடுபொறிகள் இவற்றுட் சிலவற்றை ஒன்றென இனங்காணினும், எல்லாத் தேடல்களிலும், குறிப்பாகச் சிறு நூலகங்களின் பட்டியற் தேடல்களில், இதனை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, மொழியமைப்புச் சார்ந்தது. தமிழ்ச் சொல் வேற்றுமையேற்றும் புணர்ந்தும் உருமாறுவது. 'மரம்' என்பது மரத்தை, மரங்களில் எனவும், 'கல்' என்பது கற்சிலை, கன்மலை எனவும் வேறுபட்டு வரும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியைப் புணர்ச்சிக்கென ஒதுக்க நேர்ந்ததன் காரணத்தை இங்கு நினைவுகூரலாம். பழைய அச்சுப் பிரதிகளிற் சொற்கள் பிரிக்கப்படாது சேர்த்தெழுதப்பட்டிருத்தல் இச்சிக்கலை மேலும் பெருக்குகின்றது.

மூன்றாவதும் மிக முக்கியமானதும் யாதெனில், எமது பழைய நூல்களும் சஞ்சிகைகளும் இணையத்தில் உள்ளவிடத்தும் அவை எழுத்தாக அல்லாமல் படமாகவே உள்ளமையாகும். பக்கத்தைப் படம்பிடித்து வைத்தலும் அதனை எழுத்தாக்கி வைத்தலும் வேறுவேறானவை. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் இலக்கியங்கள் உள்ளிட்ட நூல்களை எழுத்துவடிவில் தந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பெருந்தொகையாக மின்வருடிப் பாதுகாத்து வருகின்றது. மின்வருடப்பட்ட பக்கம் மனிதர் படிப்பதற்கு உரியது. எழுத்துணரிச் செயலிகள் அதனை எழுத்தாக்க வல்லனவாயினும், மங்கிய மையும் தேய்ந்த அச்சும் பழைய எழுத்து வடிவங்களும் உள்ள பிரதிகளில் அவை தடுமாறுகின்றன. ஆகவே ஒரு சஞ்சிகை இணையத்தில் இருக்கும். அதிலுள்ள கட்டுரை தேடலில் இராது. சங்கச் செய்யுள் ஒன்றிலுள்ள அருஞ்சொல்லை நொடியில் தேடிப்பெறும் மாணவர், 1930இல் தொடங்கிய ஈழகேசரியிலோ 1946இல் தோன்றிய மறுமலர்ச்சியிலோ வெளிவந்த கட்டுரையொன்றினுள் ஒரு பெயரைத் தேட முயலும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். தொன்மைக்கு ஒளியும் அண்மைக்கு இருளும் என்ற இந்நிலை, தமிழாய்வின் திசையையே பாதிக்கவல்லது.

4

மேற்கூறியவை வெறும் தொழில்நுட்பக் குறைகளாகத் தோன்றலாம். அவை எவ்வாறு சமூகப் பொருள் பெறுகின்றன என்பதை மலையக வரலாறு தெளிவுபடுத்தும்.

1930களிலே தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராயப் புகும் மாணவர் ஒருவர் 'மலையகம்' என்ற சொல்லை இட்டுத் தேடுகின்றார் எனக் கொள்வோம். இன்றைய அரசியற் பிரக்ஞையின் விளைவாக நிலைபெற்ற இச்சொல் அக்கால ஆவணங்களில் இன்றைய பொருளிற் பெருவழக்காக இருந்ததன்று. இந்தியத் தமிழர், இந்தியத் தொழிலாளர், தோட்டக் கூலிகள் என்றே அக்கால எழுத்துகள் அம்மக்களைச் சுட்டின. ஒரு மக்கட் கூட்டம் தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொள்ளும் உரிமையைப் போராடிப் பெற்றதன் வரலாறு இச்சொல் மாற்றத்தில் அடங்கியுள்ளது. தேடுபொறியோ சொல்லை மட்டுமே பார்ப்பது. ஆகவே அவ்வக்காலச் சொல்லாட்சியை முன்னரே அறிந்தவருக்கே அது வழிதிறக்கின்றது. தேடல் அறிவைத் தருகின்றது என்பது பாதி உண்மை. தேடுவதற்கே முன்னறிவு வேண்டும் என்பது மறுபாதி.

'துண்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதைக் குறித்து, அதனைச் செலுத்துவோரிடம் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை வழங்கிய சீட்டே துண்டாகும். கடனோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றிய அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் அடிமை நிலையை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாத இச்சொல்லை இட்டுத் தேடினால், ஒரு பொருளின் சிறு பகுதியும் தோளில் இடும் துணியுமே முன்வரிசையில் நிற்கக்கூடியவை. சொல் ஒன்றே, அதன் வரலாற்றுப் பொருள் பெருவழக்கின் அடியிற் புதைந்து கிடக்கின்றது.

ஆட்பெயர்களின் நிலையும் இத்தகையதே. தஞ்சாவூரிலிருந்து வந்து, 1920களிலே பத்திரிகையாளராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் விளங்கி, 1931இலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்து, 1936இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டவர் கோ. நடேசய்யர். நடேசய்யர், நடேசையர், நடேச ஐயர், நடேச அய்யர் எனத் தமிழிலேயே அவர் பெயர் பலவாறு எழுதப்படுகின்றது. ஆங்கில ஆவணங்களில் வேறுபாடுகள் இன்னும் அதிகம். அவர் நடத்திய பத்திரிகைகளுள் ஒன்றின் பெயர் 'தேசபக்தன்'. 1917இற் சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனார் ஆசிரியராக இருந்த நாளேட்டின் பெயரும் தேசபக்தனே. தமிழகத்து இதழியல் வரலாற்று நூல்களும் பாடநூல்களும் பலமுறை குறிப்பிட்ட ஏட்டின் நிழலில் இலங்கைத் தேசபக்தன் மறைந்துபோதல் எளிது.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே, அக்காலத்து மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைந்த தம் பாடல்களைப் பாடி, எழுத்தறியாத தொழிலாளரிடையே தொழிற்சங்க உணர்வை வளர்த்தவர் அவர். அப்பாடல்கள் 1940இற் சிறுநூலாகவும் வெளிவந்தன. இலங்கைத் தமிழிலக்கிய வரலாற்றிலும் பெண்கள் வரலாற்றிலும் தொழிற்சங்க வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெறவேண்டிய ஒருவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் பெயரைத் தேடுபவர் முதலில் எதிர்கொள்ளக்கூடியவர் எஸ். மீனாட்சி அம்மாள், 1951இல் வெளிவந்து இன்றுவரை தமிழ் நடுத்தர வகுப்பு இல்லங்களில் வழங்கிவரும் 'சமைத்துப் பார்' என்ற சமையல் நூலின் ஆசிரியர். அந்நூலின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எவருடைய நூல் வாங்கப்படுகின்றதோ, மறுபதிப்புப் பெறுகின்றதோ, பேசப்படுகின்றதோ அவருடைய பெயர் முன்வருகின்றது. மேடையிற் பாடிய தொழிற்சங்கப் பெண்ணின் பெயர் பின்தள்ளப்படுகின்றது. இங்கே செயற்படுவது எவருடைய தீய எண்ணமுமன்று. சந்தையின் வழக்கமான இயக்கமே அது.

இவற்றை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழரின் வரலாற்றில் 'ஆவணம் இல்லை' என்பது சாதாரண வாக்கியமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோருக்கென இயற்றப்பட்ட சட்டமும் பிறப்புக்கும் வம்சத்துக்கும் தொடர்ச்சியான வதிவுக்கும் சான்றுகளைக் கோரின. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தோர், அச்சான்றுகளைப் பேணி வைக்கும் வசதியற்றிருந்தமையாற் பெருந்தொகையாக நிராகரிக்கப்பட்டனர். தேயிலைச் செடியின் கீழ் அவர்தம் உழைப்பு இருந்தது. காகிதத்தில் அவர் இருக்கவில்லை. ஆகவே நாட்டிலும் அவர் இல்லையென்று சட்டம் தீர்ப்பளித்தது. ஆவணமின்மையை உரிமையின்மையாக்கிய அதே தருக்கத்தை ஆய்வாளரும் தம்மையறியாது பின்பற்றலாகாது. 'தேடினோம், இல்லை' என எழுதும் ஒவ்வொரு தடவையும் எத்தகைய முடிபுக்கு நாம் துணைபோகின்றோம் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

5

அடுத்து நோக்கவேண்டியது நிரற்படுத்தல் ஆகும். ஆயிரக்கணக்கான பக்கங்களுள் எது முதலில் நிற்க வேண்டும்? கூகிளின் தொடக்கக்கால விடை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகின்ற பக்கங்கள் எத்துணை முக்கியமானவை என்பவற்றைக் கொண்டு அதன் தகுதியைக் கணிப்பதாகும். இதன் வேர் ஆராய்ச்சி உலகிலேயே உள்ளது. 1960களிலே யூஜீன் கார்பீல்ட் அறிவியற் கட்டுரைகளுக்கு மேற்கோள் அடைவு ஒன்றைத் தொகுத்தபோது, பலராற் சுட்டப்படும் கட்டுரையை இனங்காணும் வழி பிறந்தது. அவ்வழியே இணையத்துக்கு விரிக்கப்பட்டது. பலர் சுட்டுவது முக்கியமானது என்ற எடுகோள், அனைவரும் சுட்டும் வாய்ப்புடைய சமூகத்திலே ஓரளவு பொருந்தலாம். சுட்டுவோர் ஒரு வகுப்பினராகவும் சுட்டப்படுவோர் அதே வகுப்பினராகவும் இருக்கும் நிலையில், அது ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை எண்ணாக்கிக் காட்டுவதாகவே முடியும்.

இதனோடு வணிகமும் சேர்கின்றது. கூகிளை நிறுவிய லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவராக எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பர வருவாயில் தங்கியிருக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து நுகர்வோர் தேவையிலிருந்து விலகும் என்ற கருத்தை வெளியிட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டு அந்நிறுவனமே தேடலோடு விளம்பரத்தை இணைத்தது. தனது பொருள் ஒப்பீட்டுச் சேவையைத் தேடல் விடைகளில் முன்னிறுத்தியமைக்காக 2017இல் ஐரோப்பிய ஆணைக்குழு அதன்மீது 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 ஓகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் சமட்டி மாவட்ட நீதிமன்றமொன்று, தேடற் சந்தையில் அந்நிறுவனம் தனது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியதெனத் தீர்ப்பளித்தது. சபியா நோபிள் 2018இல் வெளியிட்ட நூலொன்று, கறுப்பினப் பெண்கள் பற்றிய தேடல் விடைகளில் இனவாதமும் பால்நிலைப் பாகுபாடும் எவ்வாறு மீளுருப்பெறுகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தது.

இவையெல்லாம் தொலைதூரத்து வழக்குகள், எமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். தொடர்பு நேரடியானது. விளம்பர வருவாய் குறைந்த மொழியில், வாங்கும் வலிமை குறைந்த மக்களைப் பற்றிய, மிகச் சிலர் தேடும் பொருள்களைச் சீராகத் தேடித்தருவதில் வணிக நிறுவனமொன்றுக்கு ஊக்கம் இருத்தற்கு நியாயமில்லை. அதனிடம் அதனை எதிர்பார்ப்பதே எமது பேதைமை. அப்பணி எமக்கு உரியது.

6

இக்கருத்துகளைக் கொண்டு தேடுபொறியைப் புறக்கணிக்க வேண்டும் என எவரும் முடிபுசெய்தல் ஆகாது. அத்தகைய புறக்கணிப்பு, அச்சியந்திரம் வந்தபோது ஏட்டுச் சுவடியே புனிதமானது என வாதிட்டோரின் நிலைக்கு எம்மைத் தள்ளிவிடும். நூலகத்துக்கு அருகில் வாழும் வசதியற்ற மாணவருக்கு, தோட்டப் பாடசாலை ஒன்றிலே கற்பிக்கும் ஆசிரியருக்கு, எண்ணிம நூலகமும் அதிலே தேடும் வாய்ப்பும் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குக் கதவைத் திறந்துள்ளன. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த வரலாற்றையுடைய சமூகம், ஒரு பிரதி பல இடங்களில் இருத்தலின் அருமையைப் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

எமது மரபிலேயே இத்தொழிலுக்கான முன்மாதிரிகள் உள. கலித்தொகையை 1887இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளை ஊரூராகத் தேடுவித்துப் பெற்று ஒப்புநோக்கினார். ஒரு மடத்தில் ஏடு இல்லையெனில், நூல் இல்லையென அவர் முடிபு கட்டவில்லை. அம்மடத்தில் இல்லையென்று மட்டுமே கொண்டார். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஓரிடத்திற் கோத்துத் தந்தன. சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்லும் அகராதியின் வழியன்று அது. பொருளிலிருந்து சொற்களுக்குச் செல்லும் வழி. தேடுபொறியின் முன் அமரும் தமிழாய்வாளருக்கு முதலில் வேண்டப்படுவது அத்தகைய நிகண்டறிவேயாகும். கூலி, தொழிலாளி, இந்தியத் தமிழர், மலைநாட்டார், மலையகத் தமிழர் என ஒரு மக்களின் பெயர்களை வரலாற்றுமுறையில் அடுக்கிக்கொண்ட பின்னரே தேடல் பயனளிக்கும்.

7

மேலும் ஒரு புதிய நிலைமையையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். 2022இன் இறுதிக்குப் பின்னர், வினாவுக்குப் பக்கங்களைக் காட்டுவதற்குப் பதிலாகத் தாமே விடையை எழுதித்தரும் செயலிகள் பரவியுள்ளன. தேடுபொறிகளும் தம் விடைகளின் தலையில் இத்தகைய சுருக்கங்களை இடுகின்றன. முன்னைய தேடுபொறி 'இல்லை' என்றாவது கூறியது. இப்புதிய செயலிகள் தரவு அருகிய இடத்தில் 'இல்லை' எனக் கூறாது, அண்மையிலுள்ள வேறொன்றைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடும் தன்மையுடையன. இரு மீனாட்சி அம்மாள்களும் ஒருவராக்கப்படுவதற்கும், இரு தேசபக்தன்களும் ஓரேடாவதற்கும் வாய்ப்புகள் மிகுதி. மௌனத்தை முடிபாகக் கொள்வது ஒரு வழு எனின், மௌனத்தின் மீது எழுப்பப்பட்ட கூற்றைச் சான்றாகக் கொள்வது அதனினும் பெரிய வழுவாகும். எவ்வளவு சரளமான தமிழில் எழுதப்படினும், மூலத்தைக் காட்டாத விடை ஆராய்ச்சிக்கு ஆதாரமாகாது. மூலத்தைத் தேடிச் செல்வதற்கான ஒரு குறிப்பாக மட்டுமே அது கொள்ளப்படத்தக்கது.

8

இவற்றிலிருந்து சில நடைமுறை முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆய்வேடுகளில் 'இல்லை' என்னும் கூற்று இடம்பெறுமாயின், எச்சொற்களைக் கொண்டு, எவ்வெழுத்து வேறுபாடுகளோடு, எத்தளங்களில், எந்நாளில் தேடப்பட்டது என்பதும் உடன் குறிப்பிடப்படல் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் முறையைக் கூறாத முடிபுக்கு மதிப்பில்லை. தேடலுக்கும் அதுவே விதியாகும். இவ்வாறு குறிக்கத் தொடங்கியதும் தேடல் எத்துணைக் குறுகியதாக இருந்தது என்பது தேடியவருக்கே புலனாகும்.

இரண்டாவதாக, ஒவ்வோர் ஆய்வாளரும் தம் துறையிற் கண்ட ஆட்பெயர், புனைபெயர், இதழ்ப்பெயர் வேறுபாடுகளைப் பட்டியலாக்கி ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தருதல் பயனுடையது. து. உருத்திரமூர்த்தி என்ற பெயரையும் மஹாகவி என்ற புனைபெயரையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒரு வரி, பாரதியை நோக்கியே திருப்பப்படும் பல தேடல்களைச் சரியான திசையிற் செலுத்தும். இத்தகைய பட்டியல்கள் ஒன்றுதிரளும்போது ஈழத்து இலக்கியத்துக்கு ஒரு பெயரடைவு உருவாகும்.

மூன்றாவதாக, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு பழைய இதழையேனும் தேர்ந்து, அதன் பொருளடக்கத்தை முழுமையாகத் தட்டெழுதி வெளியிடுதல் கூடும். கட்டுரைகள் முழுவதையும் எழுத்தாக்குதல் பெரும்பணி. தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் எழுத்தாக்குதல் மாணவர் சிலர் ஒன்றுகூடினால் இயலக்கூடியதே. படமாக உறங்கும் பக்கங்களுக்குத் திறவுகோலாக அது அமையும்.

இறுதியாக, எந்த அடைவிலும் என்றுமே ஏறியிராதவை உள. சாரல்நாடன் 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை வெளியிட்டபோதும், சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தபோதும் அவர்கள் கையில் இக்கருவிகள் இருக்கவில்லை. பழைய பத்திரிகைகளும், தோட்டங்களில் வாழ்ந்த மனிதரின் நாவும் நினைவுமே அவர்களுக்கு மூலங்களாயின. அவர்கள் எழுதி வைத்தமையாலேயே இன்று தேடுவதற்கு ஓரளவேனும் உண்டு. தேடுபொறி தருவது முன்னையோர் இட்ட முதலின் வட்டி மட்டுமே. முதலை இடுவோர் இல்லாதவிடத்து வட்டியும் அற்றுப்போகும். 'இல்லை' என்னும் விடை வரும்போது ஆய்வாளரின் பணி முடிந்துவிடுவதில்லை. இதுவரை எவரும் எழுதிச் சேர்க்காத ஓரிடத்தை அது சுட்டுகின்றது. அவ்விடத்தை நோக்கிப் புறப்படுவோரே வரலாற்றில் தம் பெயரை எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த மக்களுக்கு நீதிசெய்வோராவர்.